சல்லடை முதலில், தராசு பிறகு

பிள்ளைக்குத் தெரிந்த உலகத்திலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும் என்பதை இன்று எந்த ஆசிரியர் பயிற்சியிலும் யாரும் மறுப்பதில்லை. 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டத்துக்காகச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் தலைமையில் கூடிய குழு, கணக்குப் பாடம் பெரும்பாலான பிள்ளைகளிடம் அச்சத்தையும் தோல்வி உணர்வையும்தான் விட்டுச்செல்கிறது என்று வெளிப்படையாக எழுதியது. சூத்திரங்களைவிடக் கணித முறையில் யோசிக்கப் பழகுவதே முக்கியம் என்றது. அந்தப் பெரிய ஆசை வகுப்பறைக்கு வந்துசேரும்போது பல நேரம் இப்படிச் சுருங்கிவிடுகிறது: ஒரு மீனவர் 45 மீன் பிடித்தார், 18ஐ விற்றார், மீதி எவ்வளவு?

தூத்துக்குடி திரேஸ்புரத்துப் பிள்ளைக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். மீனை யார் ஒவ்வொன்றாய் எண்ணி விற்கிறார்கள்? கூடையாகவும் கிலோவாகவும் ஏலம் போகிறது. கிடைத்த காசில் டீசல், ஐஸ், கமிஷன் கழித்து மிச்சத்தைப் பங்கு வைக்கிறார்கள். ஆளுக்குப் பங்கு இருப்பதுபோல வள்ளத்துக்கும் வலைக்கும் உண்டு. பின்னமும் விகிதமும் அங்கே நிஜமாகப் புழங்குகின்றன. பாடத்தில் இருப்பதோ மீன் வேஷம் போட்ட கழித்தல்.

அப்படியானால் கரைக் கணக்கை அப்படியே வகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டால் போதுமா? ஆராய்ச்சி அவ்வளவு எளிதாகத் தலையாட்டவில்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளைப் பற்றி 1985இல் வெளிவந்த ஆய்வு புகழ்பெற்றது. விற்கும் இடத்தில் 98 சதவீதம் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே கணக்கை வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகச் செய்தார்கள். 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு இதையே நம் நாட்டில் பெரிய அளவில் பார்த்தது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். கடையில் மனக்கணக்காகச் சில்லறை தரும் பிள்ளை வகுத்தலைத் தாளில் கண்டால் திணறுகிறது. கடை அனுபவமே இல்லாத பள்ளிப் பிள்ளையோ, நோட்டில் கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்தும் சந்தைக் கணக்கில் இன்னும் மோசமாகத் தடுமாறுகிறது. ஆக, இரண்டு பக்கமும் பாலம் இல்லை. தெரிந்த பொருளைக் காட்டுவதாலேயே பாலம் வந்துவிடாது என்பதுதான் இங்கே உறைக்க வேண்டியது.

பாலம் எப்படி இருக்கும் என்பதற்குத் தூத்துக்குடிக் கரையிலேயே ஒரு பழைய கணக்கு கிடக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்தைத் துளையிட்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளில் போட்டு அளவு பிரித்தார்கள். பிறகு வடிவமும் ஒளியும் பார்த்து ஆணி முதல் தூள் வரை ரகம் பிரித்தார்கள். அதன் பின்தான் தராசு. சிறு முத்தும் தூளும் வெறும் நிறைக்கே விலைபோயின. உயர்ந்த ரகத்துக்கு வேறு விதி: நிறையை மஞ்சாடி என்ற பழைய எடை அலகில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, அதில் முக்கால் கண்டு, முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 12 மஞ்சாடி நிறையுள்ள ஒற்றை முத்துக்கு மதிப்பு 108. அதே 12 மஞ்சாடி நான்கு சம முத்துகளாக இருந்தால் 27தான். பெரிய முத்து அரிது என்பதை எடையின் வர்க்கம் சொல்லிவிடுகிறது.

விதியை ஒப்பித்தால் வியாபாரம் நடக்கும். கணிதம் தொடங்குவது அடுத்த கேள்வியில். 1 மஞ்சாடி முத்தையும் 5 மஞ்சாடி முத்தையும் ஒன்றாகப் போட்டு நிறுத்தால்? ஆறின் வர்க்கம் 36, முக்கால் 27, இரண்டால் வகுக்க 13½. தனித்தனியே நிறுத்தால் ¾ உடன் 18¾ சேர்ந்து 19½. கலந்து நிறுத்தவனுக்கு 6 நட்டம். எந்த இரண்டு முத்தை எடுத்தாலும் அந்த நட்டம், நிறை வித்தியாசத்தின் வர்க்கத்தில் பாதி, அதில் முக்கால். எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்யும் (a+b)² முற்றொருமையை வைத்து நாலே வரியில் நிறுவிவிடலாம். சல்லடை ஏன் தராசுக்கு முந்த வேண்டும் என்பதை இயற்கணிதம் சொல்லிவிடுகிறது. தொழிலின் பழக்கம் சரியானதைச் செய்யவைத்தது. அது ஏன் சரி, எந்த எண்ணுக்கும் சரியா என்று கேட்கப் பள்ளி வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்லும்போது பழைய திண்ணைப் பள்ளியைக் கொண்டாடும் ஆசையும் எழும். வாய்ப்பாட்டு நூலான எண்சுவடியில் முந்திரி, அதாவது 1/320 வரை பின்னங்களைப் பிள்ளைகள் நினைவில் ஏற்றினார்கள். அது வெறும் உருப்போடல் அல்ல, நினைவாற்றலே அங்கு கற்றல் முறை என்று புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில்பாபு தம் ஆய்வுகளில் வாதிடுகிறார். ஒப்புக்கொள்ளத்தக்க வாதம். ஆனால் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையில் பெரும்பாலும் இடம் இல்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

எல்லாப் பிள்ளைக்கும் இடம் தருவதால் தமிழக அரசுப் பள்ளிகளின் சீர்திருத்தங்களை நான் மதிக்கிறேன். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் ஏணிப்படியையும் வைத்துப் பிள்ளையை அதன் வேகத்தில் நடக்கவிட்டது. பிரம்பின் இடத்தை மணிகளும் குச்சிகளும் பிடித்தன. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பிரிக்கிறது. கொரோனா இடைவெளிக்குப் பின் அது தேவைப்பட்ட மருந்து. இரண்டிலும் என் குறை ஒன்றே. அட்டையை முடிப்பது, நிலையைப் பதிவேற்றுவது என்று வேலை நகர, எப்படி இந்த விடை வந்தது என்று பிள்ளை வாய்திறந்து சொல்லும் நேரம் குறைகிறது. கொல்கத்தா ஆய்வு காட்டிய இடைவெளியை அடைக்க வேண்டியது அந்தப் பேச்சுதான்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கரையில் பெரிய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். இன்றைய தூத்துக்குடிப் பிள்ளை மஞ்சாடியைப் பார்த்ததில்லை. முத்துச் சல்லடை அதன் வாழ்க்கையே அல்ல. ஆனாலும் 13½க்கும் 19½க்கும் நடுவே காணாமல்போன ஆறைத் தேட அந்தப் பிள்ளைக்கு மஞ்சாடியைக் கண்ணால் கண்டிருக்க வேண்டியதில்லை. அந்தத் தேடலுக்கு இரண்டு பீரியட் பிடிக்கும். ஒரே ஆசிரியர் எல்லாப் பாடத்தையும் சுமக்கும் பள்ளியில், பாடத்திட்டம் முடிந்ததா என்று மட்டும் கேட்கும் அதிகாரி அந்த இரண்டு பீரியடை எந்தக் கணக்கில் எழுதிக்கொள்வார்?