அழியாத கோலங்கள்: பதின்பருவ ஈர்ப்பு

பாலு மகேந்திரா தமிழில் இயக்கிய முதல் படம் ‘அழியாத கோலங்கள்’ (1979). மூன்று சிறுவர்கள் தங்கள் ஆசிரியை இந்துமதி (ஷோபா) மீது கொள்ளும் ஈர்ப்பே கதையின் மையம். ஒருத்தியையே நாடினாலும் நண்பர்களுக்குள் பகை மூளுவதில்லை. அவர்களின் பிள்ளைப் பருவத்தை முடித்துவைப்பது காதல் அல்ல, ஒருவன் ஆற்றில் மூழ்கி இறப்பது.

ஸ்டுடியோ கிப்லியின் அனிமே படமான ‘ஓஷன் வேவ்ஸ்’ (1993) முக்கோணக் காதலை நேராகவே பேசுகிறது. ரிகாகோவை விரும்பும் மட்சுனோ, தன் நண்பன் டாகுவை அடித்துவிடுகிறான். தனக்காக டாகு தன் காதலை அடக்கிக்கொண்டதுதான் அந்தக் கோபத்தின் காரணம் என்பதை அவனால் வெகுநாள் கழித்தே சொல்ல முடிகிறது.

இரண்டுமே வளர்ந்த ஆணின் நினைவாக விரியும் படங்கள். ஆனால் ரிகாகோ சினக்கிறாள், பொய் சொல்கிறாள். இந்துமதிக்குத் தனியே ஒரு காதல் உண்டு. குறை என்று ஒன்றும் தரப்படவில்லை. ஷோபாவின் இயல்பான நடிப்பாலும் அதை ஈடுசெய்ய முடியவில்லை.