ஒன்பது இரவுகளின் இசை

நோர்ஸ் தொன்மத்தின் தெய்வமான ஓடின் அந்த மரத்தில் ஏறியது சாவதற்காக அல்ல, அறிவதற்காக. ஈட்டி பாய்ந்த உடலோடு, உண்ணாமலும் பருகாமலும், காற்று அலைக்கழிக்க ஒன்பது இரவுகள் தொங்கினான். பலியிட்டவன் அவன், பலியானவன் அவன், பலியை ஏற்ற தெய்வமும் அவனே. கடைசியில் கீழே உற்றுப் பார்த்து, அலறிக்கொண்டே ரூன் எழுத்துகளை அள்ளி எடுத்து விழுந்தான். 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்துச் சுவடி ஒன்றில் தங்கியிருக்கும் ‘ஹாவமால்’ என்னும் கவிதை இதை அவன் வாய்மொழியாகவே சொல்கிறது. விழுந்து எழுந்தவன் ஒன்பது வல்லமைமிக்க பாடல்களையும் கற்றானாம். சாவைத் தொட்டுத் திரும்பியவனின் கையில் பாட்டு இருக்கிறது என்பதுதான் இந்தத் தொன்மத்தில் என்னை விடாமல் பிடித்திழுக்கும் இடம்.

அந்தப் பாடல்களின் மெட்டு எதுவும் இன்று இல்லை. ஆகவே ரூன்களையும் இந்தத் தொன்மங்களையும் பாடும் நோர்வேயின் வார்துருனா இசைக்குழு செய்வதைப் பழைய இசையின் மீட்பு என்று புகழ்வது தவறான புகழ்ச்சி. அது புதுப் படைப்பு. அப்படித்தான் அதை மதிக்க வேண்டும். பிளாக் மெட்டல் குழுவில் டிரம்ஸ் வாசித்த ஐனார் செல்விக் 2003இல் தொடங்கிய குழு இது. 24 ரூன்களையும் மூன்று தொகுப்புகளில் பாடி முடிக்க 2016 ஆகிவிட்டது. இரண்டாவது தொகுப்பு 2013இல் வந்த ‘இக்த்ரசில்’. ஓடின் தொங்கிய மரத்தின் பெயர். அதன் கடைசிப் பாடல் ‘ஹெல்வேகன்’, இறந்தோர் உலகுக்குப் போகும் வழி.

அந்த வழியையும் பழங்கதை அளந்து வைத்திருக்கிறது. இறந்துபோன ஓடினின் மகன் பால்டரை மீட்க, எட்டுக்கால் குதிரையான ஸ்லெய்ப்னிரின் மேல் அவன் சகோதரன் ஹெர்மோத் இருண்ட பள்ளத்தாக்குகளின் ஊடே ஒன்பது இரவுகள் பயணம் போனான். மரத்தில் ஒன்பது, வழியிலும் ஒன்பது. மரத்தின் பெயர் தாங்கிய தொகுப்பு இந்த வழியில் போய் முடிவதைவிடப் பொருத்தமான முடிவு இருக்க முடியாது.

இந்த இசையின் உயிர் தாகல்ஹார்பா என்னும் வில்வாத்தியத்தில் இருக்கிறது. தந்திகள் குதிரைமயிரால் ஆனவை. வயலினுக்கு இருப்பது போன்ற விரல்பலகை இதற்குக் கிடையாது. விரல்களின் பின்புறத்தைத் தந்தியில் பக்கவாட்டாகப் பதித்துத்தான் சுரத்தைப் பிடிக்க வேண்டும். மெட்டு ஒரு தந்தியில் நகர, பக்கத்துத் தந்தி ஆதார சுருதியாக ஓயாமல் இரைகிறது. ஒவ்வொரு சுரத்தோடும் ஒரு கரகரப்பு சேர்ந்து வரும். அதைத் தேய்த்து மழுப்பாமல் செல்விக் அப்படியே விட்டதற்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். சுருதி நகராமல் நிற்பதால் காலமும் நின்றுவிட்டதுபோல் ஆகிறது. முரசு மட்டும் நடக்கிறது.

‘ஹெல்வேகன்’ பாடலில் சாவை நெருங்கியவன் ஒருவன், தன்னைப் பாடி அனுப்ப யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறான். முரசுக்கு அவசரம் இல்லை. குரல் அழுவதும் இல்லை, மிரட்டுவதும் இல்லை. வைக்கிங் என்றாலே போர்முரசும் கூச்சலும்தான் என்று பழகிய காதுக்கு இந்த அடக்கம் புதிதாக இருக்கும். அலறலையே அழகாகக் கொண்ட ஓர் இசையிலிருந்து வந்தவர், ஓடினே அலறிய இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டு அலறாமல் விடுகிறார். அந்த இடத்தில் குழுவின் பாடகி லிண்டி-ஃபே ஹெல்லாவின் குரலும் மற்றக் குரல்களும் மெல்லச் சேர்கின்றன. யார் பாடுவார் என்று கேட்டவனைச் சுற்றி ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கிறார்கள். கேள்விக்கான விடையைச் சொல்லில் தேட வேண்டியதில்லை.

செல்வமும் சுற்றமும் அழிவதைச் சொல்லும் ‘ஹாவமால்’ செய்யுள்களோடு பாடல் முடிகிறது. அவை ஓடினின் கூற்று. சாகிறவனின் நாவில் கடைசியாக ஏறுவது, ஒருமுறை சாவைத் தொட்டு மீண்டவனின் சொல். ஓடின் மரத்தில் பெற்ற தீட்சையின் முழுப் பொருளும் எனக்கு இந்த ஒரு மாற்றத்தில் விளங்குகிறது.

2018இல் ‘ஸ்கால்ட்’ தொகுப்புக்காகச் செல்விக் இதையே தனிக்குரலும் தந்தியுமாகப் பாடிப் பதிவுசெய்தார். அந்த வடிவத்தில் சொற்கள் இன்னும் துலக்கமாகக் கேட்கின்றன. ஆனாலும் 2013 வடிவமே எனக்கு உயர்ந்தது. பல குரல்கள் வழித்துணையாக வரும்போதுதான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. தந்தி ஒன்றால் மட்டும் அது முடியவில்லை.