இத்தாலோ டிஸ்கோ மறுவெளியீடுகள்

இத்தாலோ டிஸ்கோ மறுவெளியீடுகள்: 1970களின் இறுதியிலும் 1980களிலும் இத்தாலியில் உருவான மின்னணு நடன இசையின் அரிய தட்டுகளை மீண்டும் வைனிலில் வெளியிடும் முயற்சிகள்.

பின்னணி

சிந்தசைசர், டிரம் மெஷின் ஆகியவற்றைக் கொண்டு உருவான இவ்விசையைச் சிறு நிறுவனங்கள் 12 அங்குலத் தட்டுகளாக வெளியிட்டன. 1983 முதல் ஜெர்மனியின் இசட்.ஒய்.எக்ஸ். நிறுவனம் வெளியிட்ட தொகுப்புகளால் 'இத்தாலோ டிஸ்கோ' என்னும் பெயர் பரவலானது. 1999ல் நெதர்லாந்தின் டிஜே ஐ-எஃப் தொகுத்த 'மிக்ஸ்டு அப் இன் தி ஹேக்' புதிய தலைமுறையிடம் இவ்விசையைக் கொண்டுசென்றது. சான் பிரான்சிஸ்கோவின் டார்க் என்ட்ரீஸ் போன்ற நிறுவனங்கள் மறுவெளியீட்டில் ஈடுபடுகின்றன.

மதிப்பீடு

அரிதானது என்பதனாலேயே ஒரு தட்டு நல்ல இசையாகிவிடுவதில்லை. மௌரிசியோ டாமி, அலெக்சாண்டர் ரோபோட்னிக் என்னும் பெயரில் 1983ல் வெளியிட்ட 'ப்ராப்ளேம் தாமூர்' நிலைப்பதற்குக் காரணம், மலிவான கருவிகளைக் கொண்டு அது உருவாக்கிய புதிய ஒலி.

இவ்வகைமையில் உண்மைப் பெயர்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டன. டென் ஹாரோ என்று மேடையில் தோன்றியவர் ஸ்டெஃபானோ சாண்ட்ரி. பல பாடல்களில் ஒலித்தது டாம் ஹூக்கரின் குரல். ஆகவே, இசைத்தவர் யார், பாடியவர் யார் என்று பதிவுசெய்வதும் அவர்களுக்குரிய உரிமத்தொகையைச் சேர்ப்பதும் மறுவெளியீட்டின் முதன்மைப் பணிகள். மூல நாடாவைத் தேடாமல் பழைய தட்டிலிருந்து நகலெடுப்பது தேய்மானத்தின் இரைச்சலையும் சேர்த்தே அச்சிடுகிறது.

சில நூறு பிரதிகளோடு நின்றுவிடும் மறுவெளியீடு புதியதோர் அரும்பொருளையே உருவாக்குகிறது. சேகரிப்பாளரின் அலமாரியைத் தாண்டிக் கேட்பவரிடம் சென்றுசேரும்போதே அது மீட்பு எனத் தகும்.