யாளியும் பாந்தளும்: காணா உருவைப் புனையும் கலை

உலகில் எங்கும் இல்லாத ஒரு விலங்கை, கண்டவர் நடுங்கும்படி, ஒரு கலைஞன் எவ்வாறு உருவாக்குகின்றான்? சிறுவர் கதைக்குரிய கேள்வியாக இது தோன்றலாம். ஆயினும் இதற்கு விடை காணாமையால் நம் சமுதாயத்தில் இரு தவறுகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. அற்புத விலங்குகள் வரும் கிஸ்ஸாக்களையும் படைப்போர்களையும் ‘பொய்’ என்ற ஒரே சொல்லால் ஒதுக்கித் தள்ளுவோர் ஒருசாரார். அவற்றில் வருவன அனைத்தும் நடந்தவையே என நம்பி வாதிடுவோர் மற்றொரு சாரார். முன்னவர் இலக்கியத்தை இழந்தனர். பின்னவர் வரலாற்றை இழந்தனர். புனைவு என்பது எவ்வாறு நிகழ்கிறது என்பதை இருவருமே ஆராயவில்லை. அந்த ஆராய்ச்சிக்குரிய கருவிகளோ நம் மதரஸா நூல்களிலேயே இருக்கின்றன.

படைத்தலும் இணைத்தலும்

தமிழில் எழுத்தாளரையும் ஓவியரையும் ‘படைப்பாளி’ என அழைக்கிறோம். இச்சொல்லை நாம் நெகிழ்ந்த பொருளிலேயே வழங்குகிறோம் என்பதை மறத்தல் கூடாது. இல்லாமையிலிருந்து உண்டாக்குதல் இறைவன் ஒருவனுக்கே உரியது. அல்காலிக், அல்பாரிஉ, அல்முஸவ்விர் என்னும் திருநாமங்கள் மூன்றும் திருமறையின் 59ஆம் அத்தியாயத்தின் இறுதியில் அடுத்தடுத்து வருகின்றன. மனிதக் கற்பனையால் இயல்வது யாது?

இதற்குத் தெளிவான விடையை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’வில் காண்கிறோம். மனத்தின் ஆற்றல்களைப் பற்றித் தத்துவஞானிகள் கூறியதை இமாமவர்கள் அங்குத் தொகுத்துத் தருகிறார்கள். புலன்கள் வழியே வந்து சேர்ந்த உருவங்களை ஒன்றோடொன்று சேர்க்கவும் பிரிக்கவும் வல்ல ஓர் ஆற்றல் மனிதனிடம் உண்டு. பறக்கும் குதிரையையும், மனிதத் தலையும் குதிரை உடலும் கொண்ட உருவையும் அவன் எண்ணிப் பார்ப்பது அதனால்தான். குதிரையையும் பறவையையும் அவன் தனித்தனியே கண்டிருக்கிறான். சேர்த்தது மட்டுமே அவன் செயல். தத்துவஞானிகளைக் கடுமையாக மறுக்க எழுந்த அந்நூலில், இப்பகுதியில் மார்க்க அடிப்படையில் மறுக்கத்தக்கது ஏதுமில்லை என்றே இமாமவர்கள் கூறிச் செல்கிறார்கள். அற்புத விலங்கைப் புனைபவன் இறைவனின் படைப்புத் தொழிலில் பங்கு கேட்கவில்லை. அவன் முன்னரே படைக்கப்பட்டவற்றைக் கடன் வாங்கிக் கோக்கின்றான்.

உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது, வடிப்பது பற்றிய மார்க்கச் சட்டம் தனியொரு துறை. ஹதீஸ்களில் வந்துள்ள எச்சரிக்கைகளை விளக்கும் பொறுப்பு ஃபிக்ஹு அறிஞர்களுடையது. ஈண்டு நாம் பேசுவது புனையும் மனத்தின் இயக்கம் பற்றியே.

கயாலீ, வஹ்மீ

அரபுக் கல்லூரிகளில் பலாஃகத் பாடம் பயின்றோர், தஃப்தாஸானீ அவர்களின் ‘முக்தஸருல் மஆனீ’யில் உவமை பற்றிய பகுதியை அறிவர். உவமிக்கப் பயன்படும் பொருள்களை வகுக்குமிடத்தில் ‘கயாலீ’, ‘வஹ்மீ’ என இரு சொற்கள் வருகின்றன. முழு உருவம் உலகில் இல்லை, ஆனால் அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் புலனுக்குத் தெரிந்தவை என்றால் அது கயாலீ. மணிக்கற்களால் ஆன கொடியைச் செம்மலருக்கு உவமையாக்குவது போன்றது அது. கொடி உண்டு, மணிக்கல் உண்டு; மணிக்கல்லாலான கொடி இல்லை. உருவமும் உறுப்புகளும் எவராலும் காணப்படாதவை, காணப்பட்டிருந்தால் புலனால்தான் காணப்பட்டிருக்கும் என்றால் அது வஹ்மீ. இதற்கு எடுத்துக்காட்டு, ‘கூல்’ எனப்படும் பாலைவனப் பேயின் பற்களைத் தன் அம்புகளுக்கு உவமையாக்கிய இம்ரவுல் கைஸின் அடி.

வகுப்பில் ஒரு மணி நேரத்தில் கடந்துபோகும் இப்பாகுபாடு, உண்மையில் அச்சவுருக்களைப் புனையும் கலையின் இலக்கணமாகும். இல்லாத விலங்கை உருவாக்க முனையும் கலைஞன் முன் இவ்விரு வழிகள்தாம் திறந்துள்ளன. தெரிந்த உறுப்புகளைச் சேர்த்துக் காட்டலாம். அல்லது, காட்டாமல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பவர் மனத்தையே வரையச் செய்யலாம்.

காட்டாத முகம்

இரண்டாம் வழியின் ஆற்றலை விளக்கும் வரலாறு ஒன்று உண்டு. நரகத்தின் ஸக்கூம் மரத்துப் பாளைகளை ஷைத்தான்களின் தலைகளுக்கு ஒப்பிடுகிறது திருமறை (37:65). பஸராவின் மொழியறிஞர் அபூ உபைதாவிடம், அமைச்சர் ஃபழ்லு இப்னு ரபீஉவின் அவையில் ஓர் எழுத்தர் ஐயம் எழுப்பினார். எச்சரிக்கை செய்வதாயின் அறிந்த பொருளைக் கொண்டல்லவா செய்ய வேண்டும், ஷைத்தானின் தலையை எவர் கண்டார் என்பது அவர் கேள்வி. அபூ உபைதா இம்ரவுல் கைஸின் அதே அடியை விடையாகத் தந்தார். அரபியர் எவரும் கூலைக் கண்டதில்லை. கண்டிராத அதன் பெயரே அவர்களை அஞ்ச வைத்தது. ‘மஜாஸுல் குர்ஆன்’ என்ற தம் நூலை எழுத இக்கேள்வியே தூண்டுதலாயிற்று என அபூ உபைதா கூறியதாக அறிஞர் வரலாற்று நூல்கள் குறிக்கின்றன.

அந்த விடையின் நுட்பம் கருதத்தக்கது. கண்ட பொருளுக்கு எல்லை உண்டு. புலியின் பல் இவ்வளவு நீளம் என்று தெரிந்தவுடன் அச்சமும் அவ்வளவாகச் சுருங்கிவிடும். காணாத தலைக்கு அளவில்லை. கேட்பவர் ஒவ்வொருவரும் தாம் மிகவும் அஞ்சும் முகத்தை அதற்குச் சூட்டிக் கொள்கிறார். எல்லாவற்றையும் வருணித்துத் தீர்த்துவிடும் புனைகதையாளர் தம் பேயைத் தாமே கொன்று விடுகிறார் எனலாம்.

அந்தக் கூல்தான் எங்கே பிறந்தது? ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலில் ஜாஹிழ் (மறைவு ஹி. 255) தம் ஆசிரியர் நழ்ழாமின் விளக்கத்தைத் தருகிறார். இவ்விருவரும் முஃதஸிலாக்கள், அவர்தம் கொள்கையோடு நமக்கு உடன்பாடில்லை. எனினும் மனவியல்பை அவர்கள் கண்ட கூர்மை வியக்கத்தக்கது. மனித நடமாட்டமற்ற வெளியில் நெடுநாள் தனித்திருப்பவனுக்குச் சிறியது பெரியதாகத் தோன்றும். இல்லாத ஓசை கேட்கும். பின்னர் அவன் அதைப் பாட்டாக்குகிறான். பாட்டு ஊரில் பரவுகிறது. அதைக் கேட்டே வளரும் குழந்தை, இருளில் தனித்து நடக்க நேரும்போது தானும் அதைக் ‘காண்கிறது’. ஐயமின்றி நம்பும் அவை வாய்த்துவிட்டால், பாடுபவன் மேலும் கூட்டிச் சொல்கிறான். தனிமை, மிகை, பாட்டு, அவை என்று நான்கு படிகளில் ஓர் அச்சவுரு உருவாகும் வழியை இத்துணைத் துல்லியமாக அக்காலத்தே வரைந்து காட்டியவர் வேறு எவரும் உளரோ, அறியோம்.

யானையைச் சிறிதாக்கிய யாளி

முதல் வழியாகிய கயாலீக்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பராக்கிரம பாண்டியன் 1446இல் கட்டத் தொடங்கிய கோயிலின் கற்சிற்பங்களால் தென்காசி புகழ்பெற்றது. அங்கிருந்து மதுரை ஆயிரங்கால் மண்டபம் வரை விரியும் இத்தென்பாண்டி நிலத்தின் சிற்பமரபு பேணிய உருவங்களுள் ஒன்று யாளி. அது வழிபடப்படும் உருவமன்று, தூணின் அணி. அவ்வகையில் அதைத் திறனாய்வுக் கண்ணோடு நோக்க நமக்குத் தடையில்லை.

சிங்கத்தின் உடலும் யானையின் துதிக்கையும் கொம்பும் கூடியது யாளி எனப் பொதுவாகக் கூறுவர். அவ்வளவுதான் என்றால் அது பொம்மைக் கடைச் சரக்காகவே நின்றிருக்கும். சிற்பியின் திறன் உறுப்புகளைத் தேர்ந்ததில் இல்லை, பொருத்தியதில் இருக்கிறது. யானை முகமும் சிங்கக் கழுத்தும் சந்திக்கும் இடமே ஆபத்தான இடம். அங்கே பிடரி மயிரின் சுருள்கள் எழுந்து மூட்டை மறைத்து விடுகின்றன. பின்னங்கால்களில் ஊன்றி உடல் எழும் எழுச்சி தூணின் செங்குத்துக் கோட்டோடு ஒன்றிப் போகிறது. மேலே கூரையின் பாரம். கீழே அதைத் தாங்குவது போன்ற திமிறல். கல் சுமக்கும் எடையை விலங்கின் வலிமையாக நம் கண் வாசிக்கிறது.

இவற்றினும் சிறந்த உத்தி வேறொன்று. பல தூண்களில் யாளியின் காலடியில் ஒரு யானை கிடக்கும். சங்கப் பாடல்களிலேயே யானையைத் தாக்கும் விலங்காக ‘ஆளி’ வருகிறது. சொல்லில் இருந்த பகையைச் சிற்பி அளவாக மாற்றினான். நிலத்து விலங்குகளுள் பெரியதைச் சிறிதாக்கிக் காலடியில் வைத்தபின், மேலே நிற்பதன் பெருமையைத் தனியே கூற வேண்டியதில்லை.

இதன் பொருள் வடகரை மக்களுக்கு எளிதில் விளங்கும். மேற்கு மலையடிவாரத்தில், மேக்கரைக்கும் பண்பொழிக்கும் அண்மையில் உள்ள இவ்வூரின் தோப்புகளில் காட்டு யானைகள் இரவில் இறங்குவது கதையன்று. ஆண்டுக்கணக்கில் வளர்த்த தென்னை ஓர் இரவில் சாய்வதையும், இருட்டில் மட்டை முறியும் ஓசை கேட்டு வீட்டினுள் மூச்சடக்கி இருப்பதையும் அறிந்தவர்கள் இவர்கள். யானை எவ்வளவு பெரியது என்பதை உடலால் அறிந்தவனுக்கே, அதைச் சிறிதாக்கிய உருவின் அச்சம் முழுமையாகப் புலப்படும். யானை அஞ்சப்படும் நிலத்தில்தான் யாளி பொருள் பெறுகிறது. யானையே இல்லாத நாட்டில் அது வெறும் அலங்காரம். ஆகவே கற்பனை விலங்கு, உண்மை விலங்கின் அச்சத்தைக் கடன் வாங்கியே வாழ்கிறது என்பது நம் துணிபு.

உமறுவின் இரு பாந்தள்கள்

சிற்பியின் உளிக்குக் கூடியது, நம் கவிஞரின் எழுத்தாணிக்கு எவ்வாறு கூடிற்று? சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில், ஷாம் நாட்டுக்குச் செல்லும் வழிப்பயணத்தை உமறுப்புலவர் பாடுகையில் ‘பாந்தள் வதைப் படலம்’ வருகிறது. சற்றுப் பின்னர் ‘புலி வசனித்த படலம்’. அதனை அடுத்துப் ‘பாந்தள் வசனித்த படலம்’. இவ்வரிசை முறையே ஒரு திறனாய்வுச் செய்தியைத் தாங்கி நிற்கிறது.

முதலாவதாக, உமறு அரபு நாட்டுப் பேய் எதனையும் இறக்குமதி செய்யவில்லை. தமிழர் காதுக்குப் பழகிய ‘பாந்தள்’ என்ற பெயரையே தேர்ந்தார். அரபு மண்ணையே தமிழ்த் திணைகளாகக் கண்ட புலவருக்கு இது இயல்பு. அவர் கையாண்ட முறை உறுப்புகளை இணைக்கும் முறையன்று; அறிந்த ஒன்றைப் பெருக்கிக் காட்டும் முறை. இணைப்பில் தையல் தெரிந்துவிடும் அபாயம் உண்டு. பெருக்கத்தில் அது இல்லை. ஆனால் அளவு மீறினால் நகைப்புக்கு இடமாகும் அபாயம் உண்டு.

இரண்டாவதாக, ஒரே விலங்கினம் ஓரிடத்தில் வதைக்கப்படுகிறது. மற்றோரிடத்தில் மொழி பேசுகிறது. இரண்டும் பாம்புதான்; நஞ்சும் படமும் இரண்டிற்கும் ஒன்றே. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் அவை நடந்துகொண்ட முறையே ஒன்றைக் கொடியதாகவும் மற்றொன்றைச் சான்று பகர்வதாகவும் ஆக்குகிறது. கொடுமை உருவத்தில் இல்லை, ஒழுகலாற்றில் இருக்கிறது என்ற இக்கருத்தை வெளிப்படச் சொல்லாமல், படலங்களை அருகருகே வைத்தே புலவர் உணர்த்திவிடுகிறார். கோரப்பல்லையும் செங்கண்ணையும் அடுக்கிவிட்டால் கொடியவன் உருவாகிவிட்டான் என எண்ணும் இன்றைய கதைஞர்கள் இங்கே கற்க வேண்டியது நிரம்ப உண்டு.

புனைவும் பொய்யும்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய சிக்கலுக்கு வருவோம். இத்தகைய உருவங்கள் பொய்யா? அப்துல் காஹிர் ஜுர்ஜானீ (ரஹ்) ‘அஸ்ராருல் பலாஃகா’வில் கவிதைக் கருத்துகளை அறிவுசார்ந்தவை, ‘தக்யீல்’ சார்ந்தவை எனப் பிரித்து ஆராய்கிறார். தக்யீலை மெய் என்றும் உறுதிப்படுத்த இயலாது; அது சான்றுரையாகவும் வருவதில்லை. யாளியைச் செதுக்கிய சிற்பி, இவ்விலங்கு இன்ன காட்டில் பிடிபட்டது என எழுதி வைக்கவில்லை. எவரையும் அவன் ஏமாற்றவில்லை. பொய் என்பது சாட்சியின் உடை அணிந்து வருவதாகும்.

இவ்வேறுபாடு இன்று உயிர்ப் பிரச்சினையாகி விட்டது. கட்டளையிட்ட நொடியில் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் எத்தனை விலங்குகளையும் ஒட்டித் தருகின்றன. மீனுடலும் மனித முகமும் கொண்ட படம் ஒன்று, ‘கடலில் பிடிபட்ட அதிசயம், இறைவனின் குத்ரத்’ என்ற குறிப்போடு கைப்பேசிகளில் வலம் வருகிறது. தொழுகை முடிந்து வெளிவரும் நல்லோர் பலர் சுப்ஹானல்லாஹ் கூறி அதைப் பிறருக்கு அனுப்புகின்றனர். பொறி செய்ததும் இணைப்புத்தான். ஆனால் அதைச் செய்தியாக்கி அனுப்பியது மனிதர். கொண்டுவரப்படும் செய்தியை ஆய்ந்து தெளியுமாறு திருமறை (49:6) கட்டளையிட்டிருக்க, இறைவனின் ஆற்றலுக்குப் பொய்ச்சான்று திரட்டுவது எவ்வளவு பெரிய அவமதிப்பு! படம் போலி என்பது வெளிப்படும் நாளில், அதைக் கொண்டு ஈமானை வலுப்படுத்திக் கொண்ட இளைஞனின் உள்ளத்தில் எது எஞ்சும்?

ஸகரிய்யா கஸ்வீனீ (1203-1283) அவர்கள் ‘அஜாயிபுல் மக்லூகாத்’ என்னும் அற்புதப் படைப்புகளின் களஞ்சியத்தை எழுதினார்கள். விந்தை விலங்குகள் நிரம்பிய அந்நூலின் முன்னுரையில், வியப்பு என்றால் என்ன என்பதை விளக்க அவர்கள் தேர்ந்த எடுத்துக்காட்டு தேன்கூடு. ஒரு பொருளின் காரணத்தை அறிய இயலாதபோது எழும் திகைப்பே வியப்பு. அளவுகோலும் கவராயமும் இல்லாத சிறு பூச்சி அறுகோண அறைகளை அமைப்பதை முதன்முறை காண்பவன் திகைக்கிறான். பழக்கத்தால் அத்திகைப்பு மங்கிவிடுகிறது. மங்கிய அவ்வுணர்வைத் தட்டி எழுப்புவதே நல்ல புனைவின் பணி எனில் மிகையாகாது. யாளியைக் கண்டு திரும்பும் கண், மலையிறங்கும் யானையைப் புதிதாகக் காண வேண்டும். உமறுவின் பாந்தளைப் படித்த உள்ளம், தன் ஒழுகலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனவே நம் கிஸ்ஸாக்களையும் படைப்போர்களையும் ஓதுவோர்க்கு நாம் வேண்டுவது இதுவே: அவற்றை வரலாறாகப் படிக்க வேண்டாம், பொய்யென வீசவும் வேண்டாம். ஒவ்வோர் அற்புத உருவிடமும் மூன்று வினாக்களை எழுப்புவோம். எவ்வுறுப்புகளால் கோக்கப்பட்டாய்? எதை மறைத்து எம்மை அஞ்ச வைத்தாய்? எவ்வுண்மையின்பால் எம்மைத் திருப்புகிறாய்? மூன்றாம் வினாவுக்கு விடை தரும் புனைவு நம் நூலகங்களில் இடம்பெறத் தக்கது. விடை தராதது, எத்தனை தலைகள் கொண்டதாயினும், வெறும் ஒட்டு வேலையே.