ஹரிக்கேன் போன இடத்தில் பெஜோ

சிஜே-3பி ஜீப்பின் பானட் அவ்வளவு உயரமாக இருப்பதற்குக் காரணம் ஹரிக்கேன் எஞ்சின். 1953இல் வில்லிஸ் கம்பெனி அதை ஜீப்பில் வைத்தபோது, இன்டேக் வால்வுகள் ஹெட்டுக்கு ஏறியதால் எஞ்சின் உயர்ந்துவிட்டது. பழைய பானட்டுக்குள் அது அடங்கவில்லை. பானட்டையே தூக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன அந்த முகத்தை இங்கே மகிந்திரா அதற்குப் பிறகும் செய்துகொண்டிருந்தது. எனக்கு ஜீப் என்றால் இன்றைக்கும் அந்த முகம்தான்.

சில வாரங்களாக நான் ஓட்டிக்கொண்டிருப்பது, போடியில் நண்பர் ஒருவர் மீட்டெடுத்த 3பி. ஹரிக்கேனை இறக்கிவிட்டு, உடைக்கப் போன ஒரு மகிந்திரா எம்எம்540 ஜீப்பிலிருந்து பெஜோ எக்ஸ்டிபி 4.90 டீசலை அதன் நாலு கியர் பெட்டியோடு சேர்த்து ஏற்றியிருக்கிறார். நாலு சிலிண்டர், 90 மி.மீ. போர் என்பது பெயரிலேயே இருக்கிறது. 2112 சிசி, 62 குதிரைசக்தி. பெட்ரோல் ஹரிக்கேனுக்கு 75. காகிதத்தில் இது இறக்கம். மலையில் அப்படித் தெரியவில்லை. கிரவுன்-பினியன் பழைய 5.38தான் என்பதால் அறுபது கிலோமீட்டர் வேகத்திலேயே எஞ்சின் ஏறக்குறைய 2400 சுற்று சுற்றும். டிராக்டர் குணம் கொண்ட டீசலை இந்தக் கிரவுனோடு சேர்த்தால் நெடுஞ்சாலையில் சீக்கிரமே மூச்சுமுட்டும். பெஜோ 4500 வரை சுற்றக்கூடியது. நண்பரின் தேர்வு சரி.

ஆனால் அதிர்வு!

வண்டி என் கைக்கு வந்தபோது ஐடிலிங்கில் ஆம்பியர் மீட்டர் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று படிக்க முடியவில்லை. பானட் கொக்கிகள் இரண்டும் ஓயாமல் கிடுகிடுத்தன. ஸ்டாப் நாப்பை இழுத்தால் எஞ்சின் அடங்குவதற்குள் சேஸிஸ் முழுக்க உதறியது. வேலை செய்த பட்டறையில் கேட்டால், "டீசல்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். ஹரிக்கேனின் கம்ப்ரஷன் ஏழை ஒட்டியது, பெஜோவுடையது இருபதைத் தாண்டும். அப்படியானால் ஒவ்வொரு வெடிப்பும் முன்னைவிட முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். அதைத் தாங்குவதற்குத்தானே மவுண்ட் ரப்பர் இருக்கிறது!

கீழே படுத்துப் பார்த்தேன். ஹரிக்கேன் முன்பக்கத் தகட்டில் இரண்டு, கியர்பாக்ஸ் அடியில் ஒன்று என மூன்று ரப்பரில் உட்கார்ந்திருந்த எஞ்சின். பெஜோவுக்குப் பக்கவாட்டில் பிராக்கெட் வேண்டும். பட்டறைக்காரர்கள் கனமான இரும்புப் பட்டையை வளைத்துச் சேஸிஸோடு நேராக வெல்டு அடித்து, நடுவில் பழைய லாரி டயரை வெட்டி இரண்டு துண்டு வைத்திருந்தார்கள். அந்தத் துண்டுகளில் நைலான் நூல் பிதுங்கிக்கொண்டிருந்தது. கல் மாதிரி இறுகியிருந்த அதில் நகம் பதியவில்லை. போதாக்குறைக்கு இடது பிராக்கெட் வலதைவிட ஒரு விரல் உயரம். எஞ்சின் சாய்ந்து உட்கார்ந்து, கியர்பாக்ஸ் ரப்பரை ஒரு பக்கமாக நசுக்கியிருந்தது.

லேத் பட்டறையில் பிராக்கெட்டைப் புதிதாகச் செய்யச் சொல்லி, போல்ட்டில் கழற்றி மாட்டும்படி வைத்து, டீசல் ஜீப்புக்கென்றே வரும் மவுண்ட் ரப்பர்களைப் போட்டோம். எஞ்சினைத் தொங்கவிட்டு இருபக்கமும் மட்டம் பார்த்த பிறகே துளை போட விட்டேன். இப்போது முள் நிற்கிறது. போடிமெட்டு வளைவுகளில் இரண்டாம் கியரில் ஏறும்போது பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேச முடிகிறது. ஐடிலிங்கைவிடக் கொஞ்சம் மேலே ஓர் இடத்தில் மட்டும் கியர் லீவர் இன்னும் நடுங்குகிறது. அதோடு வாழலாம்.

மனம் நிறையும் விஷயம் அந்த எஞ்சின் அறை. ஹரிக்கேனுக்காக உயர்த்திய பானட் டீசலுக்குத் தாராளமாக இடம் விட்டிருக்கிறது. தட்டையான மட்கார்டில் ஸ்பேனர்களைப் பரப்பிவைத்து, நின்றபடியே டீசல் ஃபில்டரை மாற்றலாம், ஏர் லாக் எடுக்கலாம், நாலு ஹீட்டர் பிளக்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். எதையும் கழற்றாமல் எல்லாம் கைக்கு எட்டும். பிளாஸ்டிக் மூடியைத் தாண்டி எதையும் பார்க்க விடாத இன்றைய பிக்அப்புகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எஞ்சின் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் மறப்பது இரண்டு. முதலாவது, எரிபொருள் குழாய். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போனால் போதும். டீசலில் இன்ஜெக்டரில் மிஞ்சுவது டேங்குக்குத் திரும்ப வேண்டும். டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் பழைய டேங்கில் அதற்கு வழி கிடையாது. தனிக் குழாய் வைக்க வேண்டும். பெட்ரோல் ஆவி முழுக்கப் போகும் வரை கழுவாமல் அந்த டேங்கின் பக்கம் நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது. இரண்டாவது, வேக்குவம் வைப்பர். டீசலில் த்ராட்டில் தட்டு இல்லாததால் அதை ஓட்டும் உறிஞ்சலும் இல்லை. மின்சார மோட்டார் போடாமல் ஐப்பசி மழையில் மலையேறாதீர்கள்.

ஆர்டிஓ வேலையையும் தள்ளிப்போடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. இங்கே எஞ்சின் நம்பரோடு எரிபொருளும் மாறுகிறது. எஞ்சினை வாங்கும் முன்பே அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இப்படி மாற்றிய ஜீப் ஏதாவது விலைக்கு வந்தால், ஓட்டிப் பார்க்கும் முன் பானட்டைத் திறந்துவைத்து ஸ்டாப் நாப்பை இழுக்கச் சொல்லுங்கள். எஞ்சின் மட்டும் ஒரு குலுக்கலோடு அடங்கினால் மேற்கொண்டு பேசலாம். மட்கார்டும் சேர்ந்து ஆடினால், பிராக்கெட்டைப் பிரித்துச் செய்யும் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.