கணினியில் னகரத்தின் இடம்

தமிழ்ச் சொற்பட்டியலைக் கணினியிடம் கொடுத்துவிட்டால் அகரவரிசை தானே அமைந்துவிடும் என்று ஆசிரியருட் பலர் கருதுகின்றனர். இது பொருந்தாது. மதி, மரம், மலர், மனம் என்பது அகராதி முறை. பொருள்நோக்கு நிரலாக்கத்திற்குப் பெயர்பெற்ற ஜாவா மொழியின் இயல்பு வரிசையிலோ மதியை அடுத்து மனம் வந்து நிற்கும்! அது நோக்குவது யூனிகோடு எண்களையே. அவ்வெண்முறையில் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் உள்ளன. தொல்காப்பியர் இறுதியில் வைத்த எழுத்து இடையில் அகப்பட்டுக்கொண்டது. புள்ளியின் எண்ணும் பிந்தியதாதலின், அக்கா என்னும் சொல் அகம் என்பதன் பின்னே தள்ளப்படுகிறது. பாடநூலின் சொல்லடைவு இவ்வாறு அமைந்தால், முறைப்படி தேடும் மாணவன் அச்சொல் நூலிலேயே இல்லையென்று விட்டுவிடுவான்.

இதனை ஜாவாவின் குறை என்பாரும் உளர். யான் உடன்படேன். அம்மொழியை வகுத்தோர் வரிசையைச் சொல்லுக்குள்ளேயே பூட்டிவிடவில்லை. ‘கம்பேரட்டர்’ என்னும் தனிப்பொருளை 1998-இலேயே தந்தனர். இரு சொற்களைக் கொடுத்தால், முந்தையது எது என்பதை எதிரெண், சுழி, நேரெண் ஆகியவற்றுள் ஒன்றால் அது தெரிவிக்கும். எம்முறைப்படி என்பதை எழுதவேண்டியவர் நாமே. பாடநூல்கள் பெரும்பாலும் ஆட்களை வயதாலும் சம்பளத்தாலும் அடுக்கிக் காட்டுவதோடு அமைகின்றன. தமிழ் நெடுங்கணக்கைவிடச் சிறந்த பயிற்சி வேறுண்டோ?

அதனை எழுதப் புகுந்தோரிலும் சிலர் முதலெழுத்தை மட்டும் ஒப்பிட்டு விடுகின்றனர். அப்போது முதலெழுத்து ஒத்த சொற்கள் கொடுத்தபடியே கிடக்கும். ‘கா’ நமக்கு ஓரெழுத்து. கணினிக்கு இரு குறியெண்கள். ஆகவே சொல்லை முதலில் எழுத்தெழுத்தாகப் பிரித்து, மெய்யை உயிர்மெய்க்கு முன் நிறுத்தி, பின்னரே ஒப்பிடல் வேண்டும்.