முகமூடியும் இசைத்துண்டும்: ‘மட்வில்லனி’ பற்றிய ஒரு நோக்கு

ஒரு படைப்பை ஆக்கியவர் யார் என்ற வினாவுக்குத் தனியொருவரின் பெயரையே விடையாக எதிர்பார்ப்பது அச்சியந்திரத்தோடும் பதிப்புரிமைச் சட்டத்தோடும் சேர்ந்து வளர்ந்த ஒரு பழக்கமாகும். வாய்மொழிப் பாடல் மரபுகளை ஆராய்ந்தோர் இப்பழக்கம் எத்துணை அண்மைக்காலத்தது என்பதை எடுத்துக்காட்டியுள்ளனர். பாணர்கள் பொதுச்சொத்தாகக் கொண்டிருந்த தொடர்களையும் அடிக்கருத்துக்களையும் பேராசிரியர் கைலாசபதி தமது தமிழ் வீரநிலைக் கவிதை ஆய்வில் (1968) விரிவாக நோக்கியமை நம் வாசகர் அறிந்ததே. பொதுச்சொத்திலிருந்து எடுத்தாளும் அந்த முறை, இருபதாம் நூற்றாண்டின் பிற்கூற்றில், முதலாளித்துவம் உச்சநிலை எய்திய ஒரு நாட்டின் மிக வறிய நகர்ப்பகுதியொன்றில், மின்கருவிகளின் துணையோடு மீண்டும் தலைதூக்கியது. அதனையே இன்று ஹிப் ஹொப் என்கிறோம். இக்கலையின் முதிர்ந்த பேறுகளுள் ஒன்று 2004ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆந் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஸ்டோன்ஸ் துரோ நிறுவனம் வெளியிட்ட ‘மட்வில்லனி’ என்னும் இசைத்தொகுதி. எம். எவ். டூம் என்ற றாப் பாடகரும் மட்லிப் என்ற இசையாக்குநரும் இணைந்து இதனை உருவாக்கினர். இவ்விணைப்புக்கு அவர்கள் சூட்டிய ‘மட்வில்லன்’ என்ற பெயரிலேயே இருவரும் கரைந்துவிடுகின்றனர்.

இத்தொகுதியைப் பற்றி முற்போக்கு வட்டங்களில் இருவகைக் கருத்துக்களைக் கேட்கலாம். பொருளற்ற சொல்விளையாட்டு, கஞ்சா மயக்கம், சித்திரக்கதைப் பாத்திரங்கள் என்பனவற்றுக்கு அப்பால் இதில் எதுவுமில்லை என்பது ஒன்று. அரசியலை வெளிப்படையாகப் பேசிய ‘பப்ளிக் எனமி’ போன்ற குழுவினரை அளவுகோலாகக் கொண்டு இதனைப் பின்னடைவாகக் காண்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே தவறின் இரு வடிவங்கள் என்பது என் கருத்து. உள்ளடக்கத்தைச் சொற்களில் மட்டும் தேடுவதே அத்தவறு. உருவமும் வரலாற்றின் விளைபொருள்தான். சில வேளைகளில் சொற்கள் சொல்லாததை உருவம் சொல்லிவிடுகிறது.

வரலாற்றைச் சற்று நினைவுகூர்தல் வேண்டும். 1973ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆந் திகதி நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவெனியு 1520ஆம் இலக்கக் குடியிருப்பில் நடந்த ஒரு கொண்டாட்டத்திலிருந்து ஹிப் ஹொப்பின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அங்கு இசைத்தட்டுக்களை ஓடவிட்ட கூல் ஹேர்க் யமெய்க்காவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். பாடலின் நடுவே தாளக்கருவிகள் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை மீண்டும் மீண்டும் ஓடச்செய்து நடனத்தை நீட்டித்தமையே அவரது புதுமை. நெடுஞ்சாலை அமைப்பதற்காகக் குடியிருப்புக்கள் பிளக்கப்பட்டு, தொழில்கள் வெளியேறி, வீடுகள் எரிந்துகொண்டிருந்த பகுதி அது. இசைக்கருவி வாங்க வசதியற்றோர், பிறர் வாசித்துப் பதிவுசெய்த இசையையே கருவியாக்கினர். இங்கு மனங்கொள்ள வேண்டியது, தொடக்கத்தில் இசைத்தட்டை இயக்கியவரே முதன்மையானவர் என்பதாகும். ஒலிவாங்கியில் பேசியவர் அவருடைய துணையாளர் மட்டுமே. 1979இல் ‘றாப்பர்ஸ் டிலைட்’ வெளிவந்தபோது இவ்வுறவு தலைகீழாயிற்று. அதிலே இசைத்தட்டுக் கலைஞருக்கு இடமில்லை. ‘ஷீக்’ குழுவினரின் பாடலொன்றை வாத்தியக்காரர் மீள வாசித்தனர். விற்பனைக்கு முகம் தேவை. முகம் பாடுபவருடையது, ஆகவே இசையாக்குநர் பின்னணிக்குத் தள்ளப்பட்டார்.

அடுத்த அடி நீதிமன்றத்திலிருந்து வந்தது. 1980களின் இறுதியில் ஒரே பாடலினுள் பல பழம்பாடல்களின் துண்டுகளை அடுக்கடுக்காகச் சேர்க்கும் முறை வளர்ந்திருந்தது. 1991 டிசெம்பரில் பிஸ் மார்க்கி என்ற பாடகருக்கு எதிரான வழக்கில் நியூயோர்க் நீதிபதி, களவு செய்யாதே என்னும் விவிலியக் கட்டளையுடன் தமது தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் விலை பேசவேண்டியதாயிற்று. அடுக்கடுக்கான இசைவேலை பணமுள்ளோர்க்கே இயல்வதாயிற்று. ‘மட்வில்லனி’ வெளிவந்த அதே 2004இல், அனுமதி பெறு அல்லது துண்டெடுக்காதே என்ற பொருளில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று மேலும் கடுமையாகத் தீர்ப்பளித்தது. கறுப்பின இசைஞரின் உழைப்பைப் பல தசாப்தங்களாகச் சொற்ப விலைக்கு வாங்கிய தொழிற்றுறையில் களவு என்ற சொல் யாரை நோக்கி எறியப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

இப்பின்னணியிலேயே இத்தொகுதியின் அமைப்பை நோக்கவேண்டும். இருபத்திரண்டு உருப்படிகள், மொத்தம் நாற்பத்தாறு நிமிடங்கள் அளவில் முடிந்துவிடுகின்றன. பெரும்பாலானவற்றில் பல்லவி இல்லை. வானொலி விரும்புவது மனத்தில் ஒட்டும் பல்லவியையே என்பதை நினைத்தால் இது சிறிய துறவன்று. மட்லிப்பின் இசைத்துண்டுகள் பலவற்றின் பிறப்பிடமும் குறிப்பிடத்தக்கது. 2002இல் பிரேசிலுக்குச் சென்ற அவர், சாவோ போலோ நகர விடுதி அறையிலே, கையிற் கொண்டுசெல்லக்கூடிய இசைத்தட்டுக் கருவி, எஸ்.பி. 303 என்ற சிறிய துண்டெடுக்கும் கருவி, ஒலிநாடாக் கருவி ஆகியவற்றை மட்டும் கொண்டு அவற்றை ஆக்கினார். ‘றெய்ட்’ என்பதில் பில் எவன்ஸின் ஜாஸ் பியானோ திடீரென ஒஸ்மார் மிலிட்டோவின் பிரேசில் இசைக்கு வழிவிடுகிறது. ‘அக்கோடியன்’ என்பதில் டேடலஸ் என்ற லொஸ் ஏஞ்சல்ஸ் கலைஞரின் இசையிலிருந்து பெற்ற, மூச்சு வாங்குவது போன்ற ஓர் ஒலி இரண்டு நிமிடம் சுழல்கிறது. துண்டின் ஓரங்கள் மழுப்பப்படவில்லை. இசைத்தட்டின் கரகரப்பும் துடைக்கப்படவில்லை. திரீசியா றோஸ் தமது ‘பிளக் நொய்ஸ்’ (1994) என்ற நூலில் ஒழுக்கு, அடுக்கு, முறிவு என்னும் மூன்றினை இக்கலையின் அடிப்படைகளாகக் கொண்டார். மட்லிப்பிடம் முறிவே மேலோங்கி நிற்கிறது.

பாடகருக்கும் இசையாக்குநருக்கும் இடையிலான வேலைப் பங்கீடு வியப்புக்குரியது. நிறுவனம் பயன்படுத்திய வீட்டிலிருந்த பழைய குண்டுத்தடுப்பு அறையில் மட்லிப் இசையமைக்க, டூம் வேறிடத்திலிருந்து எழுதினார் என்றும், இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை என்றும் அக்காலத்தில் உடனிருந்தோர் கூறியுள்ளனர். ஆயினும் ஒருவர் மற்றவரைக் கேட்டிருக்கிறார் என்பது ஒவ்வோர் அடியிலும் தெரிகிறது. டூமின் இயைபுகள் அடியின் இறுதியில் மட்டும் அமைவனவல்ல. நான்கைந்து அசைகள் சேர்ந்து அடுத்த அடியின் நான்கைந்து அசைகளோடு ஒலியொத்து வரும்; வாக்கியம் முடியுமிடமும் இயைபு முடியுமிடமும் வேறுவேறாயிருக்கும். கேட்பவன் பொருளைப் பின்தொடர்ந்தால் ஒலி நழுவும். ஒலியைப் பின்தொடர்ந்தால் பொருள் நழுவும். காளமேகத்தின் சிலேடையையும் வசையையும் சுவைத்தவர்க்கு இவ்வின்பம் முற்றிலும் புதியதன்று. எனினும் ஒப்புமை காணும் ஆர்வத்தில் வேறுபாட்டை மறத்தல் ஆகாது: டூமின் வசை எந்தப் புரவலனையும் நோக்கி எழுந்ததன்று. (தமது பெயரை ஆங்கிலப் பேரெழுத்துக்களிலேயே எழுதவேண்டும் என்று ‘ஓல் கப்ஸ்’ பாடலில் அவர் வற்புறுத்துகிறார். பெரியதும் சிறியதும் அறியாத நம் எழுத்தில் அவர் ஆணையை நிறைவேற்ற வழியில்லை.)

முகமூடியைப் பற்றிச் சொல்லாமல் டூமைப் பற்றிப் பேசவியலாது. டானியல் டூமிலே 1971இல் இலண்டனிற் பிறந்து நியூயோர்க் லோங் ஐலன்டில் வளர்ந்தவர். தம்பியோடு சேர்ந்து கே.எம்.டி. என்ற குழுவில் பாடினார். 1993இல் தம்பி வாகன விபத்தில் இறந்தார். மறுவருடம், கறுப்பினத்தவரைக் கேலிசெய்யும் ‘சாம்போ’ உருவம் தூக்கிலிடப்படுவதாக வரைந்த அட்டைப்படத்தைக் காரணமாக்கி, அவர்களது இரண்டாவது தொகுதியை எலெக்ட்றா நிறுவனம் வெளியிட மறுத்து அவரையும் கைவிட்டது. இனவெறிச் சித்திரத்தைத் தூக்கிலிடும் படமே இனவெறிச் சித்திரமாக வாசிக்கப்பட்ட முரணை என்னென்பது! சில ஆண்டுகள் மறைந்திருந்து அவர் திரும்பியபோது முகம் மறைந்திருந்தது. மார்வல் சித்திரக்கதைகளின் டொக்டர் டூம் என்ற வில்லனை ஒத்த உலோக முகமூடி அது. 1979 தொட்டு இக்கலை பாடகனின் முகத்தை விற்றே வளர்ந்தது என மேலே கூறினோம். அம்முகத்தைத் தர மறுத்தவன் தன்னை வில்லன் என அழைத்துக்கொள்வதில் பொருத்தம் உண்டு. இதனை வெறும் தப்பியோடல் எனக் கொள்வோர், எதிலிருந்து தப்பியோடினார் என்பதையும் கேட்டல் வேண்டும்.

அரசியல் இல்லை என்போர் ‘ஸ்ட்ரேஞ் வேய்ஸ்’ பாடலை ஒருமுறை கேட்கட்டும். முற்பகுதியில் பொலிசாரும் தெருவோரப் போதைப்பொருள் விற்பனையாளரும், பிற்பகுதியில் போர். இரு தரப்பினரின் தொழுகை முறைகளை அருகருகே வைத்து, மேசைகளின் பின்னே இருப்போர் செலவிடும் கோடிகளையும், ஒரு தரப்புக்கு மட்டுமே ஆயுதம் வைத்திருக்க அனுமதியுண்டு என்ற நியாயத்தையும் டூம் சொல்லிச் செல்கிறார். குரலில் ஏற்றமில்லை. ஈராக் படையெடுப்பு நிகழ்ந்த மறுவருடம் வெளிவந்தது என்பதைக் கருதினால் அந்த ஏற்றமின்மையின் குளிர்ச்சி விளங்கும். தெருப் பொலிசையும் தொலைதூரப் போரையும் ஒரே இசைத்துண்டின் மேல் வைத்தமையே வாதம். தனியே ஒரு முடிவுரை அதற்குத் தேவைப்படவில்லை.

எனக்கு நீங்காத இடர்ப்பாடு தருவது வேறொரு பாடல். ‘அமெரிக்காஸ் மோஸ்ட் பிளன்டட்’ என்பது கஞ்சாப் புகைத்தலைக் கொண்டாடும் நகைச்சுவை உருப்படி. அதிலே ஸ்டீவ் றைச் 1966இல் ஆக்கிய ‘கம் அவுட்’ என்ற ஒலிநாடா இசையின் துண்டு கேட்கிறது. அக்குரல் டானியல் ஹாம் என்ற கறுப்பின இளைஞனுடையது. 1964இல் ஹார்லெமில் கைதுசெய்யப்பட்டுப் பொலிசாரால் அடிக்கப்பட்ட அவன், இரத்தம் கசிவோரை மட்டுமே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வர் என்ற நிலையில், தன் காயத்தைத் தானே திறந்து இரத்தத்தை வெளிவிட்டுக் காட்டவேண்டியதாயிற்று. ‘ஹார்லெம் அறுவர்’ எனப்பட்டோரின் சட்ட உதவிக்கான நிகழ்ச்சியொன்றுக்காகவே றைச் அச்சாட்சியத்தின் ஐந்து சொற்களை எடுத்து, அவை வெறும் ஒலியாகச் சிதையும்வரை ஓடவிட்டார். நோக்கம் நல்லது, ஆயினும் அடிபட்டவனின் சாட்சியம் அன்றே அரங்கிசையின் மூலப்பொருளாயிற்று. நாற்பதாண்டு அளவில் அதே குரல் புகைமண்டிய நகைச்சுவைக்குள் வந்து சேர்கிறது.

இதனை எவ்வாறு மதிப்பிடுவது? கறுப்பினக் குரலொன்றை வெள்ளையினப் புத்திசைஞரிடமிருந்து கறுப்பின இசைஞர் மீட்டெடுத்தார் எனச் சொல்லிவிடலாம், கவர்ச்சியான விளக்கந்தான். ஆனால் பாடலில் அதற்கு ஆதாரம் இல்லை. மட்லிப் அத்துண்டை அதன் ஒலிக்காகவே எடுத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. துண்டெடுத்தல் நினைவைக் காப்பது போலவே நினைவைத் தேய்க்கவும் செய்யும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. எனினும் ஒன்று உண்டு. ஹாம் என்ற பெயரையே அறியாதிருந்த நான் அதனைத் தேடிச் சென்றது இத்தொகுதியின் வழியாகத்தான்.

வேறு குறைகளும் உள. பிரேசிலின் இசை கலிபோர்னியாவில் முடிவுப்பொருளாவதைப் பார்க்கும்போது, மூலப்பொருள் தெற்கிலிருந்தும் இலாபம் வடக்கிலுமாக அமைந்த பழைய வணிகம் நம் போன்றோர்க்கு நினைவு வராமற் போகாது. இவர்கள் பல்தேசியக் கம்பனியினர் அல்லர் என்பது உண்மை; ஆனால் அது முழு விடையன்று. மூன்றாண்டுகளின் பின் இந்தியத் திரையிசையைக் கொண்டு மட்லிப் ஆக்கிய தொகுதியிலும் இதே வினா எழுகிறது. பெண்களைப் பொறுத்தவரை நிலைமை மேலும் வறியது. ஸ்டேசி எப்ஸ் பாடும் ‘ஐ’ என்ற உருப்படி நீங்கலாகப் பெண் பெரும்பாலும் பேசப்படுபவளே. ‘ஃபான்சி கிளவுண்’ பாடலில் டூம் தமது மற்றொரு வேடமான விக்டர் வோனாக நின்று, தன்னை விட்டு எம். எவ். டூமிடம் சென்ற காதலியை ஏசுகிறார். ஒரே மனிதன் தன்னாலேயே வஞ்சிக்கப்படும் இந்த நாடகம் நுட்பமானது. ஏச்சு மட்டும் பழைய ஏச்சே.

தொகுதி முடிவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னரே அதன் முற்றுப்பெறாத வடிவம் இணையத்தில் கசிந்து பரவியது. இருவரும் வேலையைக் கைவிட்டு வேறு தொகுதிகளில் ஈடுபட்டுப் பின்னரே திரும்பினர். டூம் தம் பகுதிகளை மேலும் தணிந்த, அவசரமற்ற குரலில் மீளப் பதிவுசெய்தார். இன்று நாம் வியக்கும் அந்த நிதானம் ஒரு களவுக்குப் பின் வந்தது. இறுதி உருப்படியான ‘றைன்ஸ்டோன் கௌபோய்’ மரியா பெத்தானியாவின் குரலிசையிலிருந்து எடுத்த துண்டின் மேல் அமைந்தது. அக்கசிவைப் பற்றியும் அதில் டூம் அலட்சியமாக ஓரிரு சொற் கூறுகிறார். பிறர் இசையில் துண்டெடுத்தவர்கள் தம் இசை களவுபோனதை அதே துண்டின் மேல் நின்று பாடுகின்றனர். 2010இல், ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்ப முயன்ற டூமுக்கு, வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஐக்கிய அமெரிக்காவினுள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது. அவர் அமெரிக்கப் பிரசையாக இருந்ததில்லை. 2020 ஒக்டோபர் 31இல் இங்கிலாந்திலேயே இறந்தார். அச்செய்தியை அவ்வாண்டின் கடைசி நாளன்றே குடும்பத்தினர் வெளியிட்டனர். ‘றைன்ஸ்டோன் கௌபோய்’ பாடலினூடே ஒரு கூட்டத்தின் கரவொலி கேட்கும். எந்தக் கூட்டமும் இல்லாத அறையில் ஆக்கப்பட்ட பாடல் அது, கரவொலியும் இரவல்தான்.